நல்லவர் என்று சொல்ல இரண்டு பேர்

"அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு வேணும் பெரியவரே. ஆதார் ஜெராக்ஸோட வந்து கையெழுத்துப் போடணும், உங்களத் தெரியும், நல்லவருன்னு."

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், முந்தின நாள் போனில் சொன்னதையே மறுபடி சொல்லிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார்.

மணவாளனுக்குச் சிரிப்பு வந்தது. சிதம்பரம் மேலவீதியில் முப்பது வருஷமாகப் பாத்திரக்கடை நடத்துகிறவருக்கு, இந்தச் சந்தில் குடியிருக்கிற ஜென்மங்கள் சான்று கொடுக்க வேண்டுமாம்.

பாஸ்போர்ட் என்பதே உள்ளூரில் பிழைக்கத் தெரியாதவன் எடுப்பது என்று தலை நரைக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். போன மாதம் கடலூர் போஸ்டாபீசில் வரிசையில் நின்று மெஷினில் விரல்களை வைத்தபோதுகூட, முன்னால் நின்ற பையன்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அவருடைய சங்கதி வேறு. சிங்கப்பூரில் மகள் வினோதினிக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம். பேத்தியைப் போனில்தான் பார்த்திருக்கிறார். அதிலும் பாதி நேரம் நெற்றி மட்டும்தான் தெரியும்.

ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு அந்தச் சின்னப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு இந்தச் சந்தில் இரண்டு பேர் வேண்டும்.

இரண்டு பேருக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டுப் பக்கிரி, மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முருங்கைக்கிளை மதில் தாண்டியதற்கு மணவாளன் அவரைக் கோர்ட்டுவரை இழுத்திருந்தார். எதிர் மாடியில் டியூஷன் எடுக்கும் கலைமணி டீச்சர்மேல், பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துவது காதைக் குடைகிறது என்று நகராட்சியில் புகார். அந்தோணிசாமி ஷேர் ஆட்டோவை இவர் வாசலில் நிறுத்திய அன்று டயரில் காற்றைப் பிடுங்கியது யார் என்று சந்துக்கே தெரியும்.

இருந்தாலும் வியாபாரி வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாரா? கடையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தூக்குகளைக் கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்திருந்தார். இரண்டும் ஒடுக்கு விழுந்தவை. விற்காத சரக்கு. இதுகளின் கையெழுத்துக்கு அதுவே ஜாஸ்தி.

தூக்கை எடுக்கக் குனிந்தவர் நிமிர்வதற்குள் பக்கிரி வந்து நின்றார். கையில் ஆதார் ஜெராக்ஸ். போலீஸ்காரர் சந்துமுனையில் வீடு விசாரித்தபோதே என்ன வேண்டும் என்ற சேதி பரவியிருந்தது.

பின்னால் கலைமணி டீச்சர். அவருக்குப் பின்னால் அந்தோணிசாமி, அவன் பெண்டாட்டி, அவன் மச்சான், சந்துமுனை இஸ்திரிக்காரர். ஆளுக்கொரு ஜெராக்ஸ். இரண்டு பேர் கேட்ட இடத்தில் வாசல் கொள்ளாத கூட்டம்.

"தங்கமான மனுசன் சார். ஒரு வம்புதும்புக்குப் போவ மாட்டாரு," என்றார், முருங்கைக்கிளைக்காக வாய்தா வாய்தாவாக நடந்த பக்கிரி.

"இந்தச் சந்துக்கே அப்பா மாதிரி. எழுதிக்குங்க சார்," என்றார் டீச்சர்.

மணவாளன் தூக்கை மெல்ல மேஜைக்கடியிலேயே தள்ளினார்.

பேரம் பேசாமல் சரக்கு எடுப்பவனை அவர் நம்பியதே கிடையாது. விலை கேட்காமல் ஒருவன் பையை நீட்டினால், ஒன்று அவன் கையிலிருப்பது கள்ள நோட்டு. இல்லாவிட்டால், நாம் எதையோ தெரியாமல் அடிமாட்டு விலைக்குப் போட்டுவிட்டோம்.

எதை?

அந்தோணிசாமிதான் உளறினான். "ஏன் மாமா, கடையையும் காலி பண்றேன்னு போர்டு மாட்டிட்டீங்க. இனிமே பொண்ணு கூடவே அங்கயே தங்கிடுவீங்கள்ல?"

'கடை காலி செய்வதால் பாதி விலை.' அந்த போர்டை மணவாளன் மாட்டி மூன்று ஆடி போய்விட்டது. அது கூட்டம் சேர்க்க மாட்டியது, கடை எங்கேயும் போகாது என்று மேலவீதியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இந்த மண்டூகங்கள் போர்டையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, நிஜம் என்றே நம்பிவிட்டன.

நம்புவதற்கு அவ்வளவு ஆசை.

பக்கிரியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. கூட்டம் முழுக்க மணவாளனின் வாயைப் பார்த்தது.

அவர் நிதானமாக ஒவ்வொரு முகமாக அளந்தார். முப்பது வருஷத்தில் எந்தச் சரக்குக்கும் இப்படியொரு கிராக்கியை அவர் கண்டதில்லை.

"ஆமாப்பா. இனிமே இங்க எனக்கு என்னா இருக்கு? போனா போனதுதான்."

பேனா ஓடியது. டீச்சருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கிரி வீட்டிலிருந்து காப்பி வந்தது. அந்த வீட்டுக் காப்பி மதில் தாண்டியது அதுதான் முதல் தடவை.

"இவ்ளோ நல்ல பேரு எடுத்த ஆள நான் பாத்ததில்ல பெரியவரே," என்று சொல்லிவிட்டு போலீஸ்காரர் வண்டியைக் கிளப்பினார்.

கூட்டம் கலைந்தது. தூக்குகள் இரண்டும் மேஜைக்கடியில் அப்படியே மிச்சம். ஏமாளிக் கூட்டம் என்று வாய்விட்டே சிரித்தார் மணவாளன். மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தார்.

காலையில் அவள் பேசி அனுப்பியிருந்தது மேலேயே கிடந்தது. நாலைந்து முறை கேட்டதுதான். மறுபடியும் காதில் வைத்தார்.

"அப்பா, பாஸ்போர்ட் வந்ததும் சொல்லுங்க. ரெண்டு வாரந்தான்ப்பா. திரும்பிப் போற டிக்கெட்ட மொதல்ல போடு, அப்புறமா வரச் சொல்லுன்னுட்டாரு இவரு. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. மாப்பிள்ளை விவரமானவர். சரக்கு வந்து இறங்குமுன்பே அதைத் திருப்பி அனுப்புவதையும் பேசி முடித்துவிடுகிறார்.

மணவாளன் குனிந்து தூக்குகளை எடுத்தார். உள்ளே கைவிட்டு ஒடுக்கைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார். அது நிமிரவில்லை.

கடைக்குக் கொண்டுபோகாமல் பரண்மேல் ஏற்றி வைத்தார். திரும்பி வந்ததும் சந்தில் கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டு போதாது.