துக்கம் கேட்க ஒரு வாக்கியம்

"டீச்சர், வணக்கம் எல்லாம் அப்புறம். சாவு வீட்ல என்ன சொல்லணும்? அதை மட்டும் கத்துக்குடுங்க."

முதல் நாள், முதல் கேள்வியே இது.

செவ்வாய்க்கிழமைகளில் சர்ச் ஹாலில் வெளியூர்க்காரர்களுக்கு நான் ஐரிஷ் மொழி சொல்லிக்கொடுக்கிறேன். அயர்லாந்தில் எங்கள் பக்கத்தில் வீடு வாங்க வேண்டுமானால் ஐரிஷ் பேசிக் காட்ட வேண்டும். அதற்காகவே வருகிற கூட்டம். கேள்வி கேட்ட க்ளைவ் புதிது, இங்கிலாந்து ஆள். என்ன வேலை என்றேன். "இப்போ எதுவும் இல்ல" என்றார்.

"சரி, யார் செத்தாங்க?"

"இன்னும் யாரும் இல்ல."

பின்வரிசையிலிருந்து டப்ளின்காரர் டெக்லன் குரல் கொடுத்தார். "மீஹால் கிழவர் வீட்டு மேல கண்ணு போல! அவசரப்படாதீங்க தம்பி, பெரியவர் நேத்துகூட ரெண்டு கிளாஸ் பியர் உள்ள தள்ளினாரு!"

ஹாலே சிரித்தது. நானும்தான்.

"இங்க எல்லாம் வரிசைப்படிதான்" என்றேன். "காலை வணக்கம், மழை, டீ, சர்க்கரை... அம்பது வாக்கியம் முடிங்க, அப்புறம் சாவு. எனக்கு கன்னியாஸ்திரீங்க ஸ்கேலால அடிச்சு சொல்லிக்குடுத்தாங்க. என் கையில ஸ்கேல் இல்லைன்னு சந்தோஷப்படுங்க."

மனிதர் குனிந்து 'இன்றைக்கு நல்ல வெயில்' என்று எழுதிக்கொண்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வாரங்களில் ஊருக்கே மனசு சரியில்லை. எங்கள் ஊர்க்காரி பெகீனின் ஒரே மகள் ரோஷீன், தன் வீட்டு வாசலிலேயே சைக்கிளோடு ஏதோ வெளியூர் வேனில் அடிபட்டு, கால்வே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

"ஓட்டினவன் கையை முறிக்கணும்" என்று வகுப்பிலேயே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். க்ளைவ் மட்டும் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஊர்த் துக்கம் இவருக்கு எங்கே உறைக்கப்போகிறது!

மூன்றாவது செவ்வாய், ஐம்பதையும் ஒப்பித்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்குத்தான் எரிச்சல். அவர் கேட்ட சாவு வீட்டு வாக்கியத்தை எடுத்து வீசினேன்.

"நீ மா லும் த ஹ்ரிப்லோஜ். உங்க துயரத்துக்கு வருந்தறேன்னு அர்த்தம்."

"அதுக்கு அவங்க ஏதாவது சொன்னா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கையைக் குலுக்கிட்டு நகரணும்."

வியாழக்கிழமை ரோஷீன் போய்விட்டாள்.

வீட்டு முன்னறையில் சவப்பெட்டி. பக்கத்தில் பெகீன். ஊரே வரிசையில் வந்து, கையைக் குலுக்கி, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, டீ குடிக்க சமையலறைக்கு நகர்ந்தது. டீ ஊற்றிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தால், வரிசையில் க்ளைவ்!

"வீடு வேணும்னா இங்கயுமா வந்து பேசிப் பழகுவாங்க?" என்று டெக்லன் என் காதைக் கடித்தார்.

"வெட்கங்கெட்ட ஜென்மம்" என்றேன்.

க்ளைவ் முறை வந்தது. பெகீனின் கையைப் பற்றினார். வாக்கியம் பாதியில் உடைந்தது. மறுபடி ஆரம்பித்தார். முழுசாகச் சொல்லி முடித்தார். ஆனால் நகரவில்லை.

வழி கேட்கிற டூரிஸ்டுக்குக்கூட ஐரிஷில்தான் பதில் சொல்லுவாள் பெகீன். அவள் அந்தக் கையை விடாமல், அவருக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சொன்னாள்:

"நீங்க பிரேக் அடிச்சீங்க. வாசல்ல நின்னு நான் பாத்தேன். உக்காருங்க, டீ குடிங்க."