பதினோரு தட்டுகளில் ஒரே கீறல்

ஜப்பானிய வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தட்டு ஒன்றை, அசல் பழசு என்று சத்தியம் செய்து தாய்மாமன் அவளுக்கு விற்றிருந்தார். அவரைச் சந்தேகிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்று காலை துடைக்கும்போது அது கைதவறிக் கீழே விழுந்தது. விளிம்பில் பிறை போல ஒரு புதுக் கீறல். மாலையில், போலிகளைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தில், இணையத்தில் விற்பனைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு தட்டுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் அவை ஒரே அச்சில் வார்த்தவை. அவளுக்குப் பதினொன்று கிடைத்தன. பதினொன்றிலும் அவளுடைய பிறைக் கீறல் இருந்தது. எல்லாப் படங்களும் போன வருடம் ஏற்றியவை. விற்பவர் மாமா.

உடனே அவருக்குப் போன் செய்தாள்.

"எனக்கே காது குத்திட்டீங்களே மாமா?"

"உன்னோடது அசல்தாம்மா. அதை வச்சுத்தானே அச்சு எடுத்தேன்."

"எப்போ எடுத்தீங்க?"

"நாளைக்கு வந்து வாங்கிட்டுப் போய் எடுத்தேன்," என்றார் மாமா, சாவகாசமாக.

"நான் தரமாட்டேன்."

"தந்துட்டியேம்மா. ரெண்டு நாள்ல திருப்பித் தர்றேன்னு சொன்னேன், நம்பித்தானே தந்தே?"

காலையில் தட்டைத் துடைத்து வைத்த அலமாரிப் பெட்டியை அவள் திறந்தாள். பஞ்சில் வட்டமாக ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.