வெறும் குப்பியில் வந்த கோடு

"மேடம், வெறும் குப்பியிலயும் அதே கோடு வருது," என்றார் செபஸ்தியான்.

தடய ஆய்வகத்தில் எதைச் சோதிப்பதற்கு முன்பும், ஒன்றுமே போடாத ஒரு குப்பியை இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதில் எதுவும் தெரியக் கூடாது. இன்று தெரிந்தது. நேற்று இரண்டு மாணவர்களைக் கொன்ற, இன்னும் பெயரே வைக்காத புதுப் போதைப்பொருளின் கோடு.

"கையுறையை மாத்திட்டு ஓட்டலாம்," என்றாள் மாதங்கி.

"மூணு தடவை மாத்தியாச்சு மேடம். நீங்க தொட்ட குப்பியில மட்டும்தான் வருது."

மாதங்கி கையுறையைக் கழற்றித் தன் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பொருள் வேர்வையோடு வெளியே வரும்; வெறும் கையில் பட்டிருந்தால், கையுறை மாட்டும்போதே அதன் மேலும் ஒட்டிக்கொள்ளும். அந்த மாணவர்கள் வேர்வையில் தொப்பலாக நனைந்து, ஆறு மணி நேரத்துக்குள் செத்துப்போனவர்கள்.

"காலையில ஏழு மணிக்கு என் பொண்ணுக்குத் தலை பின்னிவிட்டேன்," என்றாள். "ஏன்டி இப்படி வேர்க்குதுன்னு கேட்டேன். ஃபேன் ஓடலம்மான்னு சொன்னா."

இப்போது மணி பதினொன்று.

திரை வழக்கம்போல, உட்கொண்டவரின் பெயரைக் கேட்டது. பெயரைக் கொடுத்தால், அவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து ஆம்புலன்ஸில் அவர் உடம்புக்கேற்ற மாற்று மருந்து தயாராகிவிடும். அதே நொடியில் பெயர் போலீஸுக்கும் போய்விடும். அப்புறம் ஆயுசுக்கும் கல்லூரி கிடையாது, வேலை கிடையாது.

இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எத்தனை தாய்மாரைப் போனில் அதட்டியிருக்கிறாள்! "பிள்ளை உயிர் போகுது, பேரைச் சொல்ல என்னம்மா யோசனை?"

செபஸ்தியான் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எட்டு நிமிஷமா அப்படியே உட்கார்ந்திருக்கீங்க மேடம்."