நாலேகால் மணி நேரம்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் மூவாயிரம் கிலோமீட்டர், விமானத்தில் நாலேகால் மணி நேரம். மகள் தேன்மொழி கிளம்பிப் போய் இன்றோடு நாலு நாள். இறங்கியதுமே போன் பண்ணிவிட்டாள், நேற்றும் பேசினாள். ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது என்பாள் அருணகிரியின் மனைவி, இருந்தவரைக்கும். அவர் இன்னும் துடைப்பத்தைத் தொடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் மகள் சிந்திய பவுடரில் அவளுடைய வலது பாதம் அப்படியே பதிந்து கிடந்தது. அவர் சுவரை ஒட்டியே நடமாடினார்.

பக்கத்து வீட்டு லூர்துமேரி குழம்போடு வந்து வாசலில் நின்றாள்.

“என்னண்ணே, வீட்டக் கூட்டவே இல்லையா? இந்தப் புழுக்கத்துல ஃபேனக்கூடப் போடாம...” அவள் கை சுவிட்சுக்குப் போனது.

“போடாதம்மா!” என்று பதறி எழுந்தார். “அவ இன்னும் போய்ச் சேரல.”