சார்ஜரின் நெற்றியில் பச்சை விளக்கு

ஒரு மேஜைமேல் லேப்டாப் ஒன்றும் அதன் சார்ஜரும் ஏழு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்துவந்தன. ஒருநாள் லேப்டாப் எழவில்லை. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் திரை இருட்டாகவே கிடந்தது.

"சார்ஜர் அண்ணன் மேல குத்தம் சொல்ல முடியாது," என்றது பக்கத்திலிருந்த மவுஸ். "நெத்தியில பச்சை விளக்கு ஜோரா எரியுதே."

பச்சை விளக்குக்கு மின்சாரம் உள்ளே வந்தது என்று மட்டுமே பொருள். வெளியே போனது என்று பொருளில்லை. முனையருகே வயர் உள்ளுக்குள் அறுந்திருந்தது. அது சார்ஜருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தது. ஆனால் மவுஸ் இவ்வளவு புகழ்ந்த பிறகு எப்படிச் சொல்வது?

"என் வயசுக் கோளாறுதான், அண்ணே," என்று லேப்டாப் முனகியது. "நீங்க கொடுக்கிறதை வாங்கிக்க எனக்குத் தெம்பில்லை. நாளைக்கு என்னை எடைக்குப் போட்டுடுவாங்களாம்."

சார்ஜர் அப்போதும் வாய் திறக்கவில்லை.

நல்லவேளையாக, எடைக்குப் போகுமுன் ரிப்பேர் கடைக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த சார்ஜரைச் செருகிப் பார்த்தார். மாலையில் லேப்டாப் உயிரோடு வீடு திரும்பியது. வந்ததும் தயங்கித் தயங்கிப் பேசியது.

"தப்பா நினைக்காதீங்க, அண்ணே. வேற ஒருத்தர் கொடுத்ததை வாங்கிக்கிட்டேன். ஏழு வருஷம் உங்க கையால சாப்பிட்டவன், இப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

மவுஸ் சார்ஜரைத் திரும்பிப் பார்த்தது. மேஜைக்கடியில் எங்காவது இருட்டில் போய்க் கிடந்தால் தேவலை என்றிருந்தது சார்ஜருக்கு. நெற்றியில் பச்சை விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.