அழுத்தாத பொத்தான்

“பட்டன் கையிலயே இருந்திருக்கு. அமுக்கத்தான் மனசு வரல,” என்றான் அண்ணன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும் மிச்சம். குளியலறை வாசலில் அப்பா விழுந்து கிடந்த இடத்தை இருவரும் தாண்டித் தாண்டிப் போனார்கள். மிதிக்கக் கால் வரவில்லை.

ஞாயிறு சாயங்காலம் விழுந்தவரை மறுநாள் காலையில்தான் மாடியில் குடியிருப்பவர் பார்த்தார். விழுந்ததும் யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார், கேட்டவளுக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தப் பட்டனைக் கொண்டுவந்து அப்பா கழுத்தில் மாட்டிவிட்டவளே அவள்தான். தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக அவளுடைய கம்பெனி விற்பது அது. அமுக்கினால் போதும், கம்பெனியில் மணி அடிக்கும், பிள்ளைகளுக்குப் போன் போகும், ஆம்புலன்ஸ் கிளம்பும்.

மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கு என்று அப்பா முதல்நாள் முணுமுணுத்தார். பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டார். வாங்கி நாலு வருஷமாச்சு, ஒரு தடவைகூட நான் அமுக்கினது கிடையாது, தெரியுமா என்று போனில் யார் கிடைத்தாலும் சொல்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“அமுக்கினா நீ வேலையப் போட்டுட்டு அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவ. அதுக்கு நானே மெதுவா எழுந்து உட்கார்ந்துக்குவேன்,” என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதாகத்தான் இருந்தது. ஆபீசில் தலைக்கு மேல் வேலை, வர முடியவில்லை.

டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. பட்டனை அமுக்கினால் வந்து விழும் வரியை எழுதிக்கொள்ள ஆளுக்கு ஒரு டேபிள், அதாவது தனிப் பதிவேடு என்று கம்பெனி ஆரம்பித்த காலத்தில் எந்தப் புண்ணியவானோ போட்டுவைத்த வழக்கம், ஆட்கள் சேரச் சேர ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. டேபிள் காலியாகவே கிடந்தாலும் இருக்கிற சர்வர் அத்தனையும் அதைத் தன் நினைவில் சுமந்தாக வேண்டும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கின கதைதான். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் போதும், மொத்த சர்வரும் மூச்சு வாங்கும்.

மணி தாமதமாக அடித்தால் யாரோ ஒருவருடைய உயிர் போகும். அதை நினைத்துத்தான் லீவு நாளென்றும் பாராமல் உட்கார்ந்தாள். டேபிள்களுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. வருஷக்கணக்காக ஒரு வரிகூட விழாதவற்றையெல்லாம் விலகிப்போனவர்கள் கணக்கில் சேர்த்து ஒரேயடியாகத் துடைத்தாள். மத்தியானத்துக்குள் சர்வர்கள் சுதாரித்துக்கொண்டன. சாயங்காலம் மேனேஜர் கேக் வெட்டினார், எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்தப் போட்டோவைப் பார்க்கச் சகிக்காமல் மறுநாளே அழித்துவிட்டாள்.

“உன்மேல தப்பே இல்ல. கிட்டத்துல இருந்து நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்ச,” என்று அண்ணன் பட்டனை அவள் கையில் வைத்தான். “அவர் குணம் அது. கடைசி மூச்சு வரைக்கும் வீம்பு.”

அப்பா போனதற்குக்கூட அவளால் மனசைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. அந்த நேரத்தில்கூட அப்பா தன்னைக் கூப்பிடவில்லையே என்பதுதான் தாங்கவில்லை. அண்ணன் தூங்கப் போனதும் அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் போய் உட்கார்ந்து, ஆள் இருப்பதுபோலவே கேட்டாள்.

“அவ்வளவு வலியிலயும் என்னைக் கூப்பிடணும்னு உங்களுக்குத் தோணலையாப்பா?”

கேட்டுவிட்டு நெடுநேரம் அழுதாள்.

வேலைக்குத் திரும்பின அன்று முதல் காரியமாகப் பட்டனைத் திருப்பிக் கொடுக்கக் கருவிப் பிரிவுக்குப் போனாள். அங்கே இருப்பவனை எல்லாரும் ‘ஸ்க்ரூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்புளி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. திரும்பி வரும் பட்டனில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அதை அழித்துவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம்.

இதைப் போய் நான் எதுக்குப் பார்க்கணும், நீங்களே வீட்டுல வச்சுக்கங்கக்கா என்றான் ஸ்க்ரூ. வேண்டாம், வேற யாராவது பிழைக்கட்டும் என்று மேஜைமேல் வைத்தாள்.

அவன் ஒயரைச் செருகினான். திரையைப் பார்த்தான், ஒயரைப் பிடுங்கித் திரும்பவும் செருகினான். திருப்புளியை மேஜையில் வைத்துவிட்டு இருக்கையை விட்டு எழுந்தான்.

“எனக்குத் தெரியும், காலியாத்தான் இருக்கும்,” என்றாள் அவள். “அவருக்கு வீம்பு ஜாஸ்தி.”

ஸ்க்ரூவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“விடிய விடிய அமுக்கியிருக்காருக்கா... எழுதுறதுக்கு அவர் டேபிள்தான் அங்க இல்ல.”