பன்னிரண்டாம் நம்பர் அட்டை

"தம்பி, மூணு தடவை எண்ணிட்டேன். பதினோரு தலைதான் இருக்கு," என்றார் கூட நடந்து வந்த பிரேம்குமார்.

விமல் டீக்கடைக் கடிகாரத்தைப் பார்த்தான். மணி எட்டே முக்கால். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோயில் வாசலிலிருந்து இருட்டோடு ஐந்து மணிக்குக் கிளம்பியவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து, ஒன்பதுக்குள் இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் சந்தனம் அண்ணனின் டீக்கடையில் நம்பர் அட்டையைக் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பவர்களுக்குத்தான் அடுத்த மாதக் குஜராத் பயணம். உப்புப் பாலைவனத்தில் மூன்று நாள் நடந்து, ஐயாயிரம் வருஷப் பழமையான தோலாவிரா நகரத்தின் இடிபாடுகளைப் பார்க்கும் பயணம். வழிகாட்டி விமல்தான்.

"யாரு வரல?"

"அந்த முத்தாத்தா அம்மாதான்."

அவன் பயந்ததும் அந்தப் பெயருக்குத்தான். அறுபத்து மூன்று வயது. காலில் ரப்பர் செருப்பு, கையில் மஞ்சள் பை. பெயர் கொடுக்க வந்த அன்றே எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"அம்மா, இது கோயில் குளம் சுத்துற டூர் இல்ல. ஒரு நாளைக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் நடக்கணும்."

"நடக்கேன் தம்பி."

"முன்னால என்ன வேலை பாத்தீங்க?"

"என்னத்த வேலை! அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டுக் கெடந்தேன். அது கெடக்கட்டும், அங்க கண்ணுக்கெட்டுன தூரம் செவுரே கெடையாதாமே, நெசமா?"

அந்த அம்மாவுக்காகவே இந்தச் சோதனை நடையை அவன் ஏற்பாடு செய்திருந்தான். நாலு கிலோமீட்டரில் தானாகவே ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தான். இப்போது ஆளையே காணோம்.

கடைசியாக வருவது வழிகாட்டியின் வேலை. பிரேம்குமாரோடு அவன்தான் கடைசியாக வந்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இருந்திருக்க முடியாது. அப்படியானால் அந்த அம்மா எங்கே? ரோடு முழுக்க லாரி.

போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டான். மணி அவன் தோள்பைக்குள்ளேயே அடித்தது. பாலைவனத்தில் சிக்னல் இருக்காது, இப்போதே பழகிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் போனைப் பிடுங்கி வைத்தவன் அவனேதான். தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

"நான் பாத்தேன் சார்," என்றார் பள்ளிக்கூட டீச்சர் விஜி, தயங்கித் தயங்கி. "ஏழரை இருக்கும். ரோட்டுக்கு அந்தப் பக்கமா, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாத்துத் திரும்பிப் போய்க்கிட்டு இருந்தாவ. முடியல போலன்னு நெனச்சேன்."

"கூப்பிட்டிருக்கக் கூடாதா மேடம்?"

"நடுவுல லாரியா போகுது. கை காட்டுனேன். அவிய குனிஞ்ச தலை நிமிரவே இல்ல."

ஏழரைக்கு விமல் ஒரு பஞ்சர் கடைக்குள் உட்கார்ந்து பிரேம்குமாரின் குதிகாலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். சொந்தமாக பேண்டேஜ் கம்பெனி நடத்துகிறவர். விலை உயர்ந்த ஷூ போட்டு வந்தவர், ஒரு சாண் துணி எடுத்து வரவில்லை. அந்த நேரத்தில்தான் அந்த அம்மா தன்னந்தனியாக, முடியாமல், எதிர்ப்பக்கம் திரும்பிப் போயிருக்கிறார்.

"எங்கயாச்சும் மயங்கி விழுந்திருந்தா என்னப்பா பண்ணுறது?" என்றார் பிரேம்குமார்.

"சும்மா இருங்க சார்!" விமல் கத்தியேவிட்டான். முந்தின நாளே கடையோரம் நிறுத்தி வைத்திருந்த பைக்கை எடுக்கச் சாவியைத் தேடினான். எந்தப் பாக்கெட்டிலும் இல்லை. அது கையிலேயே இருந்தது.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுக்கவே பயமாக இருந்தது.

"தம்பி, முத்தாத்தா பேசுதேன். பூக்காரம்மா போனு இது. நல்லவேளை, நீ குடுத்த தொப்பியில நம்பர் போட்டிருந்துச்சு."

"அம்மா! எங்கம்மா இருக்கீங்க? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? மடவார் வளாகத்துலதான் நிக்கேன். கெளம்புன எடத்துல."

உயிர் வந்தது. வந்த உயிரோடு கோபமும் வந்தது.

"முடியலன்னா சொல்லியிருக்கலாம்லம்மா? பாதியில திரும்பிட்டு ஒரு வார்த்தை சொல்லாம... போதும்மா. பாலைவனத்துல இப்படி நடந்தா என்னால தாங்க முடியாது. உங்க பேரை எடுத்துடுறேன். கோவிச்சுக்காதீங்க."

போனை வைக்காமலே, விமல் பட்டியலை எடுத்துக் கடைசிப் பெயரை ஒரே கோட்டில் அடித்தான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு வழி தெரியவில்லை.

பாய்லர் பக்கத்திலிருந்து சந்தனம் அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார்.

"இந்தாப்பா ஒன் அட்டையெல்லாம். பன்னெண்டும் சரியா இருக்கு, பாத்துக்கோ."

"பன்னெண்டா? பதினொண்ணுண்ணே."

"எனக்கு எண்ணத் தெரியாதாக்கும்? மொத அட்டை ஏழு மணிக்கே வந்துட்டு. ஒரு வயசான அம்மா. செத்த நேரம் உக்காந்து டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன். கேக்கல, வந்த வழியே விறுவிறுன்னு போயிட்டாவ."

விமல் டப்பாவைக் கவிழ்த்தான். எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த பன்னிரண்டாம் நம்பர் மேலே வந்தது.

"அம்மா..." போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனான். "இங்க வந்து சேந்துட்டு, மறுபடியும் அங்க ஏம்மா நடந்து போனீங்க?"

"காலு தானாத் திரும்பிருச்சு தம்பி. முப்பத்தோரு வருசம் மில்லுல ஸ்பின்னிங் பாத்தவ. ரெண்டு மெசினுக்கு நடுவுல அறுந்த நூலை ஒட்டிக்கிட்டே, இந்த முனைக்கு வந்தா அந்த முனைக்குத் திரும்பணும். பாலைவனத்துல திரும்பவே வேண்டாம், நேராப் போயிக்கிட்டே இருக்கலாம்னாவ. அதுக்குத்தான் தம்பி பேரு குடுத்தேன்."